ஆல்ப்ஹார்ன் வாங்குமுன்: மரமா, கார்பனா, ப்யூஹலா, வாடகையா?

ஆல்ப்ஹார்ன் என்ற சுவிஸ் மலைக்கொம்பைக் கற்க முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் மரமா கார்பன் இழையா என்ற இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள். புதிதாக வாங்கினால் இரண்டும் 3000 சுவிஸ் பிராங்குக்கு அக்கம்பக்கம் என்பதால், விலையைப் பார்த்தும் முடிவுக்கு வர முடிவதில்லை. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. யாரோடு சேர்ந்து ஊதப் போகிறீர்கள், எங்கே உட்கார்ந்து பழகப் போகிறீர்கள் என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எந்தப் பொருளில் வாங்குவது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

கருவியை அறியாதவர்களுக்கு: இது ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளமுள்ள கூம்புக் குழாய். விரல் துளை கிடையாது, வால்வு கிடையாது, சீவாளியும் கிடையாது. உதட்டின் இறுக்கத்தை மாற்றி, அந்த நீளத்துக்கு இயல்பாக அமையும் சீரிசைகளை (ஹார்மோனிக்ஸ்: அடிச்சுரத்தின் 2, 3, 4 என்ற மடங்குகளில் அமையும் சுரங்கள்) மட்டுமே எழுப்பலாம். மலைச்சரிவில் முளைத்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் பனியின் பாரத்தில் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து வளரும்போது அடிமரம் வளைந்துவிடும். அந்த வளைவுதான் கொம்பின் தரைமுனையாயிற்று. 1555-இல் சுவிஸ் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் பிலாத்துஸ் மலைப் பயணக் குறிப்பில் இந்தக் கொம்பின் நீளம் ஏறக்குறைய 11 அடி என்று எழுதியிருக்கிறார். இன்று சுவிஸில் விற்கும் கருவியும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

எதை வைத்து முடிவு செய்வது

- சுருதி: சேரப்போகும் குழு எந்தச் சுருதியில் ஊதுகிறது?
- பழகும் இடம்: அறை நீளம், அக்கம்பக்கத்தார், வீட்டு விதிகள்.
- தூக்கிச் செல்வது: ரயிலா, காரா, விமானமா, மலையேற்றமா?
- பராமரிப்பு: ஒவ்வொரு முறை ஊதி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்கும் பொறுமை இருக்கிறதா?
- விட்டுவிட்டால்: ஓராண்டில் ஆர்வம் போய்விட்டால் என்ன நஷ்டம்?

முதல் இரண்டும்தான் கனமானவை. எடை குறைவாக இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கியவர்கள், சுருதி ஒத்துவராமல் குழுவுக்கு வெளியே நிற்க நேர்கிறது.

முதலில் சுருதி: எஃப் ஷார்ப்பா, எஃப்பா?

சுவிஸ் குழுக்கள் எஃப் ஷார்ப்பில் ஊதுகின்றன. நம் கணக்கில் நாலரைக் கட்டை. பவேரியா உள்ளிட்ட ஜெர்மன் பகுதிகளில் எஃப் வழக்கம், அதாவது நாலு கட்டை. எஃப் கருவி சுமார் 20 சென்டிமீட்டர் அதிக நீளம், ஏறத்தாழ 3.6 மீட்டர். அரைச்சுர வித்தியாசத்தை உதட்டால் ஈடுகட்ட முடியாது. எஃப் ஷார்ப் குழுவில் எஃப் கொம்போடு போய் நின்றால் ஒரு சுரம்கூடச் சேராது.

தேவாலய ஆர்கனோடும் பித்தளை வாத்தியக் குழுவோடும் ஊத எஃப்தான் வசதி. எஃப் ஷார்ப் மேஜரில் ஆறு ஷார்ப். எந்த ஆர்கன் கலைஞரும் அதை விரும்பி வாசிப்பதில்லை. இதற்காக இரண்டு கொம்பு வாங்க வேண்டியதில்லை. எஃப் ஷார்ப் கொம்பை எஃப்புக்கு இறக்கும் நீட்டிப்புக் குழாயைப் பல தயாரிப்பாளர்கள் தனியாக விற்கிறார்கள். முதல் ஆர்டரிலேயே அதைச் சேர்த்துக் கேட்பது நல்லது. பிறகு செய்து வாங்கினால் இணைப்பின் தடிமன் சரியாக அமைய கொம்பையே பட்டறைக்கு அனுப்ப வேண்டிவரும்.

வெப்பநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். குழாய்க்குள் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்). 5 டிகிரி காலையிலும் 25 டிகிரி மதியத்திலும் ஒரே கொம்பை ஊதினால் வித்தியாசம் 60 சென்ட் வரை போகும். மூச்சின் சூடு அதைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். எல்லோரும் கொம்பு என்றால் எல்லோரும் சேர்ந்தே இறங்குவார்கள், பிரச்சினையில்லை. அக்கார்டியன் சேர்ந்தால்தான் சங்கடம், அதன் உலோக நாக்குகள் குளிருக்கு இறங்காது. இணைப்பை ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் சுமார் 5 சென்ட் இறக்கலாம்; ஏற்றுவதற்கு வழி கிடையாது. ஆகவே கொஞ்சம் உயர்ந்து நிற்கும் கொம்பு, தாழ்ந்து நிற்கும் கொம்பைவிடப் பாதுகாப்பானது. குழுவின் அடிப்படைச் சுருதி (ஏ சுரத்தின் அதிர்வெண்) 440-ஆ 442-ஆ ஹெர்ட்ஸ் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசம் 8 சென்ட்தான், ஆனால் எந்தப் பக்கம் சாய்வது என்று அது சொல்லும்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு குறிப்பு. எட்டாம் சீரிசையை ஸட்ஜமாகக் கொண்டால் 9 சதுச்ருதி ரிஷபம், 10 அந்தர காந்தாரம், 12 பஞ்சமம், 15 காகலி நிஷாதம், 16 மேல் ஸட்ஜம். ஐந்தும் சுத்தமாக நிற்கும். ஹம்ஸத்வனிக்குத் தேவையானது முழுக்க இதில் இருக்கிறது. 11 சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் நிற்கும். 13 இரண்டு தைவதங்களுக்கும் இடைப்பட்டது. அதனால் மோகனம் கைகூடாது. இது எந்தப் பொருளில் செய்த கொம்புக்கும் பொருந்தும். சுவிஸ் காரர்கள் அந்தப் பதினொன்றாம் சுரத்தைக் குறையாக நினைப்பதில்லை, 'ஆல்ப்ஹார்ன் ஃபா' என்று பெயர் வைத்தே கொண்டாடுகிறார்கள்.

மரக்கொம்பு

உயரமான மலைப்பகுதியில் மெதுவாக வளர்ந்த, வளையங்கள் நெருங்கிய ஸ்ப்ரூஸ்தான் நல்ல மரம். பழைய முறையில் மரத்தை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கையால் குடைந்து, மீண்டும் ஒட்டுவார்கள். இப்போது பெரும்பாலான பட்டறைகளில் குடைவது கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம். ஒட்டியபின் மேலே பிரம்பு சுற்றுவார்கள். பிரம்பு அழகுக்கு மட்டும் இல்லை. பசை ஓடிய தையல் விரியாமல் பிடித்துக்கொள்வதும், இடிபட்டால் முதலில் அடி வாங்குவதும் அதுதான்.

இன்றைய மரக்கொம்பு மூன்று துண்டாகக் கழலும். எடை 3 முதல் 4 கிலோ. நீளமான துண்டு 1.3 மீட்டர் அளவில் இருப்பதால் பையோடு ரயிலில் ஏறலாம்; விமானத்தில் அளவு மிஞ்சிய சாமான் கட்டணம் கேட்பார்கள். ஊதும்போது முனை தரையில் நிற்கும் என்பதால் எடை கையில் தெரியாது. ஒத்திகைக்கு நடந்து போகும்போதுதான் தெரியும்.

இதன் பகை ஈரமும் வறட்சியும். ஊத ஊத மூச்சின் ஈரம் உள்ளே படிந்து மரம் ஊறும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட அறையில் அதே மரம் வேகமாகக் காயும். உட்பக்கம் ஊறி வெளிப்பக்கம் காய்ந்தால் விரிசல் விடுவது தையலில் அல்லது இணைப்பின் விளிம்பில். தவிர்க்கச் செய்ய வேண்டியவை:

1. புதுக்கொம்பை முதல் சில வாரம் ஒரு நாளைக்கு 15, 20 நிமிடத்துக்கு மேல் ஊத வேண்டாம்.
2. முடிந்ததும் உடனே துண்டுகளைக் கழற்றுங்கள். ஈரத்தோடு பூட்டியே வைத்தால் இணைப்பு உப்பி இறுகிவிடும்.
3. நூலில் கட்டிய பருத்தித் துணியை ஒவ்வொரு துண்டிலும் ஒருமுறை இழுத்துவிட்டு, பைக்குள் திணிக்காமல் வெளியே உலர விடுங்கள்.
4. ஹீட்டர் பக்கமோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைக்கக் கூடாது. பசை இளகும், வார்னிஷ் கொப்புளிக்கும்.

இணைப்பு இறுகிவிட்டால் முறுக்கிப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பித்தளை வளையம் கழன்று வரும், மரம் வராது. மிதமான அறையில் ஓரிரு நாள் விட்டால் மரம் சுருங்கி, தானே இளகும். பிறகு இணைப்பின் தக்கைக்குக் கொஞ்சம் கிரீஸ்.

மரத்துக்காகப் பேசுபவர்கள் முதலில் சொல்வது ஒலியை. இங்கே கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஒலியின் தன்மையில் பெரும்பங்கு காற்றுத்தம்பத்தின் வடிவத்துக்கு: குழாயின் உட்துளை எவ்வளவு வேகமாக விரிகிறது, முனை எப்படித் திறக்கிறது, உதடு வைத்து ஊதும் மவுத்பீஸின் கிண்ணம் எவ்வளவு ஆழம். சுவரின் பொருளுக்கு உள்ள பங்கு சிறிது. 'மரத்தின் இதம்' என்று கேட்பதில் பெரும்பகுதி அந்தத் தயாரிப்பாளரின் உட்துளை அளவு. ஒரே குழுவில் இருப்பவர்கள் ஒரே பட்டறைக் கொம்புகளை விரும்புவதற்கும் இதுவே நல்ல காரணம். ஒரே வடிவம் என்றால் ஒரே இடத்தில் சுரம் நிற்கும், ஒலி ஒட்டும்.

எப்போது மரம்: உள்ளூர்க் குழுவில் சேர்வது உறுதி, அவர்கள் எல்லோரிடமும் மரம், பராமரிப்புக்கு அலுப்பில்லை என்றால். விழாப் போட்டியில் ஊத ஆசையிருந்தால் அங்கே எந்தக் கருவிக்கு அனுமதி என்பதைக் குழுத் தலைவரிடம் வாங்குமுன்பே கேளுங்கள். யோடல் (குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கும் மலைப்பாட்டு), கொடிவீச்சு, ஆல்ப்ஹார்ன் மூன்றையும் கவனிக்கும் சுவிஸ் யோடல் சங்கம் 1910 முதல் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது நடத்தும் தேசிய விழாவில் ஊதுபவர்களை நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள்.

கார்பன் கொம்பு

எடை ஒரு கிலோவை ஒட்டி. பல துண்டாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி முதுகுப்பையில் போடும் வகைகள் உண்டு. ஈரத்தில் உப்பாது, வறட்சியில் வெடிக்காது, மழையில் ஊதலாம். நடந்து மலையேறி ஊதுபவருக்கும் ஊர் ஊராகப் பறப்பவருக்கும் இதைவிட நல்ல விடை இல்லை.

குறைகளைக் கடைக்காரர் சொல்வது அபூர்வம். மரம் ஈரத்தைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், கார்பன் குடிக்காது. அரைமணி ஊதினால் நீர் சேர்ந்து குழாயின் தாழ்ந்த இடத்தில் தேங்கும், நீண்ட சுரத்தில் கரகரப்பு வரும். இடையிடையே தூக்கிச் சாய்த்து வடிக்க வேண்டும். எடை குறைவாதலால் காற்றடிக்கும் மலைமுகட்டிலும் வழவழப்பான தரையிலும் முனை நகர்ந்துவிடும். அடியில் ரப்பர் பாதம் இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு கூடினால் இணைப்பும் கூடும், இணைப்பு கூடினால் காற்று கசிய இடம் கூடும். கல்லில் விழுந்து விளிம்பு உடைந்தால் உள்ளூர்த் தச்சரிடம் கொண்டுபோக முடியாது, செய்தவரிடமே அனுப்ப வேண்டும். மரக்கொம்பின் விரிசலை நல்ல மரவேலைக்காரர் யாரும் ஒட்டிவிடுவார்.

குழுவில் ஒருவர் மட்டும் கார்பன் என்றால் ஒலி பிரிந்து கேட்குமா? சுருதியும் உட்துளையும் நெருக்கமாக இருந்தால் கேட்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. பார்ப்பவருக்குத் தெரியும். பாரம்பரிய உடையில் பத்துப் பேர் மரக்கொம்போடு நிற்கும் வரிசையில் கறுப்புக் குழாய் ஒன்று நிற்பதைச் சில குழுக்கள் ஏற்பதில்லை. வாங்குமுன் அவர்களிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ப்யூஹல்

மத்திய சுவிஸில், குறிப்பாக முவோட்டாதால் பள்ளத்தாக்கில் வழங்கும் மடிந்த கொம்பு. மரக்குழாயை டிரம்பெட் போல மடித்துக் கட்டியிருப்பார்கள், மொத்த அளவு ஒரு மீட்டருக்குள் அடங்கும். தரையில் ஊன்றாமல் கையில் பிடித்து ஊதுவது. சுருதி உயரம், ஒலி கூர்மை, உதட்டுக்கு உழைப்பு அதிகம். சிறிய வீடு என்பதற்காக இதை எடுப்பது தவறான கணக்கு: அளவுதான் குறைகிறது, சத்தம் குறைவதில்லை. மேலும் எஃப் ஷார்ப் குழுவின் பகுதிகளை இதில் ஊத முடியாது. டிரம்பெட் பழகியவருக்கு, அல்லது ஏற்கெனவே ஆல்ப்ஹார்ன் ஊதுபவருக்கு இரண்டாவது கருவியாக நன்றாக இருக்கும். முதல் கருவியாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

பிவிசி குழாயில் வீட்டிலேயே

செலவு மிகக் குறைவு, ஒரு மாலை வேலை. மின்வயர் இழுக்கும் குழாயில் 20, 25, 32, 40, 50 மில்லிமீட்டர் அளவுகளில் 70 சென்டிமீட்டர் துண்டு ஒவ்வொன்று. சிறியதைப் பெரியதற்குள் 3 சென்டிமீட்டர் செருகினால் மொத்தம் 3.38 மீட்டர். இடைவெளியை இன்சுலேஷன் டேப் சுற்றி நிரப்புங்கள். பெரிய முனையில் ஒரு பிளாஸ்டிக் புனல், சிறிய முனையில் துளையிட்ட ரப்பர் தக்கை வழியே டிரம்பெட் அல்லது டிராம்போன் மவுத்பீஸ்.

ஊதினால் ஒலி வரும், சுரங்களும் வரும், ஆனால் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. உட்துளை சீராக விரியாமல் படிப்படியாகத் தாவுவதால் நாலாம் சீரிசைக்கும் எட்டாம் சீரிசைக்கும் இடையே ஸ்தாயி சரியாக இருக்காது. எஃப் ஷார்ப்பில் நிற்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். உதடு பழகவும், இந்தக் கருவி நமக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் போதும். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் இதிலேயே ஊதினால் காது தப்புச் சுருதிக்குப் பழகிவிடும்.

ஒரே பார்வையில்

| | மரம் | கார்பன் | ப்யூஹல் | பிவிசி |
|---|---|---|---|---|
| எடை | 3–4 கிலோ | ஏறத்தாழ 1 கிலோ | கையில் பிடிக்கும் அளவு | லேசு |
| குழுவில் சேர | மிகப் பொருத்தம் | கேட்டுக்கொண்டு | தனிக்கருவி | இயலாது |
| மழை, குளிர் | கவனம் தேவை | கவலையில்லை | கவனம் தேவை | கவலையில்லை |
| பயணம் | ரயில், கார் | எதிலும் | எளிது | அவசியமில்லை |
| உடைந்தால் | மரவேலைக்காரர் | செய்தவர் மட்டும் | மரவேலைக்காரர் | புதுக் குழாய் |
| யாருக்கு | குழுவில் ஊதுபவர் | மலையேறுபவர், பயணி | டிரம்பெட் பழகியவர் | சோதித்துப் பார்ப்பவர் |

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

மவுத்பீஸ். கொம்போடு ஒன்று வரும், பெரும்பாலும் அது போதாது. டிரம்பெட் மவுத்பீஸின் உள்விட்டம் 16, 17 மில்லிமீட்டர். டிராம்போனுடையது 25-ஐ ஒட்டி. ஆல்ப்ஹார்னுக்கு இடைப்பட்ட 18 அளவு பரவலானது. டிரம்பெட் ஊதியவர் சிறியதையும் டிராம்போன் ஊதியவர் பெரியதையும் தேடுவார். மரத்தில் கடைந்த மவுத்பீஸ் உதட்டுக்குக் குளிராது. அதன் தண்டு எல்லாப் பட்டறைக்கும் ஒரே அளவு இல்லை. கொம்பைக் கையில் வைத்துக்கொண்டே பொருத்திப் பாருங்கள். மரமா கார்பனா என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஒலியில் அதைவிடப் பெரிய மாற்றம் கிடைக்கும்.

பிறகு இடம். கொம்பு 3.4 மீட்டர், ஊதுபவர் நிற்க இன்னும் முக்கால் மீட்டர். அறையில் மூலைக்கு மூலை 4.2 மீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். முனை சுவரில் முட்டியபடி ஊதினால் உதடு தேவையில்லாமல் இறுகும். அடுக்குமாடியில் இசை பழக நேரக் கட்டுப்பாடு பொதுவாக உண்டு. மதிய ஓய்வும் இரவு 10-க்குப் பிந்தைய அமைதியும் சுவிஸில் கண்டிப்பானவை. முனையில் செருகும் மியூட் சத்தத்தைக் குறைக்கும், சுருதியையும் கொஞ்சம் அசைக்கும். மியூட்டிலேயே பழகியவர் வெளியில் ஊதும்போது மூச்சை அளவின்றி விரயம் செய்வார். வாரம் ஒருமுறையாவது திறந்த வெளி வேண்டும். வகுப்புக் கட்டணம், தடித்த பை, காப்பீடு ஆகியவை சேர்ந்தால் முதலாண்டுச் செலவு கொம்பின் விலையோடு நிற்காது.

ட்ரெம்பிட்டாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

உக்ரைனின் கார்பாத்தியன் மலையில் ஹூட்சுல் மக்கள் ஊதும் ட்ரெம்பிட்டா இதன் உறவுக்காரக் கருவி. சுமார் 3 மீட்டர், வளைவில்லாத நேர்க்குழாய், மேலே பிர்ச் மரப்பட்டை. மின்னல் விழுந்த ஸ்ப்ரூஸில் செய்வது மரபு. இறப்பை அறிவிப்பதும் திருமணத்துக்கும் கிறிஸ்துமஸ் பாடல்களுக்கும் ஊதுவதும் அதன் வேலை. தரையில் ஊன்றாமல் தூக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் தோளுக்குப் பயிற்சி வேண்டும். சுவிஸ் குழுவில் சேர இது உதவாது. அந்த மரபைக் கற்க விரும்பினால் அங்கிருந்தே வாங்குவது முறை.

வாடகையும் பழைய கொம்பும்

இதுவரை எந்தக் காற்றுக்கருவியும் ஊதாதவர் எதையும் வாங்க வேண்டாம். பட்டறைகளும் இசைக்கடைகளும் மாத வாடகைக்குக் கொம்பு தருகின்றன. பிறகு வாங்கினால் கட்டிய வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பதும் உண்டு. கழிக்கும் தொகையையும், விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து இருவர் ஊதும் கொம்பு என்றால் மவுத்பீஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். ஆறு மாதத்தில் எட்டாம் சீரிசை வரை தடுமாறாமல் வந்தால் வாங்கும் பேச்சை எடுக்கலாம்.

பழைய மரக்கொம்பு நல்ல விலைக்குக் கிடைத்தால் நான்கு சோதனை போதும். துண்டுகளைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் பிடித்து மறுமுனையில் பாருங்கள். உள்ளே கறுத்த திட்டு இருந்தால் பூஞ்சை, தையல் வழியே ஒளிக்கீற்று தெரிந்தால் விரிசல். ஒவ்வொரு துண்டிலும் ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து மறுவாயால் காற்றை உறிஞ்சிப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டால் கசிவில்லை. பெரிய முனைத் துண்டுக்கு உள்ளங்கை போதாது, ரப்பர் தாளால் மூடுங்கள். இணைப்பைப் பூட்டி லேசாக ஆட்டினால் ஆடக் கூடாது. கடைசியாக, 20 டிகிரி அறையில் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றியபின் எட்டாம் சீரிசையைச் சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள். எஃப் ஷார்ப் கொம்பு 370 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேல் நின்றால் வாங்கலாம். 365-க்குக் கீழே தொங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நீளத்தைக் குறைக்க அறுத்தால் மற்றச் சுரங்களும் இடம் மாறிவிடும்.